அகர்தலா: வானில் ஒரு மணி நேரம், தரையில் ஒன்றரை நாள்

புதுதில்லி: கொல்கத்தாவிலிருந்து திரிபுரா தலைநகர் அகர்தலாவுக்கு வான்வழியில் சுமார் 320 கி.மீ. விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அதே ஊருக்கு ரயிலில் செல்பவர் 1,500 கி.மீ.க்கு மேல் சுற்றி, ஒன்றரை நாள் பயணம் செய்ய வேண்டியுள்ளது.

இந்த வேறுபாட்டுக்கு இயற்கை காரணமல்ல. 1947-ல் போடப்பட்ட எல்லைக்கோடுதான் காரணம். அதற்கு முன்பு அகர்தலாவை அடுத்துள்ள அகௌராவில் ரயில் ஏறும் வசதி இருந்தது. பிரிவினையில் அகௌரா கிழக்கு பாகிஸ்தானுக்குச் சென்றது. 1949 அக்டோபரில் இந்தியாவுடன் இணைந்த திரிபுராவுக்கு, வடக்கே அசாம் சென்று, சிலிகுரி அருகே சுமார் 22 கி.மீ. அகலமே உள்ள குறுகிய நிலப்பகுதி வழியாக மேற்கு வங்கத்தை அடைவதைத் தவிர வேறு தரைவழி இல்லாமல் போனது.

அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008-ல்தான். அகலப்பாதை 2016-ல் வந்தது. அதுவும் நிலச்சரிவுக்கு இலக்காகும் அசாம் மலைப்பகுதியைக் கடந்தே வருகிறது. 2022 மே மாதம் திமா ஹசாவ் மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவால் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ரயில் தொடர்பு அறுந்தது.

பாதியில் நின்ற மாற்று வழி: வங்கதேசம் வழியாகச் சென்றால் ரயில் தொலைவு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இதற்கென 12 கி.மீ. நீளத்தில் அமைக்கப்பட்ட அகர்தலா - அகௌரா ரயில் பாதையை 2023 நவம்பர் 1-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடியும் அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனாவும் தொடங்கி வைத்தனர். பயணிகள் ரயில் ஓடுவதற்குள் 2024 ஆகஸ்டில் ஹசீனா ஆட்சி கவிழ்ந்தது. கொல்கத்தா - டாக்கா மைத்ரீ ரயிலும் அதற்கு முந்தைய மாதமே நிறுத்தப்பட்டிருந்தது.

எனவே, உயர் சிகிச்சைக்கும் மேற்படிப்புக்கும் கொல்கத்தாவை நாடும் திரிபுரா மக்களுக்கு விமானம் சொகுசு அல்ல, அவசியம். முக்கிய வழித்தடங்களில் இயக்கும் திறனில் குறைந்தது 10 சதவீத அளவுக்கு வடகிழக்கு உள்ளிட்ட பகுதிகளிலும் சேவை அளிக்க வேண்டும் என்று 1994-லேயே விமான நிறுவனங்களுக்கு விதி வகுக்கப்பட்டது. ஆனால், இருக்கைகளுக்கு வழிசெய்த அந்த விதி, கட்டணத்தைத் தொடவில்லை.

கொரோனா காலத்தில் 2020 முதல் 2022 வரை பயண நேரத்தை வைத்தும், இண்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தான 2025 டிசம்பரில் தொலைவை வைத்தும் மத்திய அரசு கட்டண உச்சவரம்பு விதித்தது. பின்னதில் 500 கி.மீ. வரையிலான பயணத்துக்கு ரூ.7,500 வரை அனுமதிக்கப்பட்டது. இவை நெருக்கடிக்கால ஏற்பாடுகளே.

மாற்று ரயிலோ நெடுஞ்சாலையோ உள்ள ஊர்களுக்கும் அகர்தலாவுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. விமானம் பறக்கும் தூரத்தை மட்டுமன்றி, அதில் ஏற முடியாதவர் தரையில் சுற்ற வேண்டிய தூரத்தையும் கட்டணக் கொள்கை கணக்கில் எடுத்தாக வேண்டும். பிரிவினையின் விலையைத் தனித்தனிப் பயணிகள் டிக்கெட்டில் செலுத்திக் கொண்டிருப்பது நியாயமாகாது.