காப்பகத்து நாய்களுக்கு விளையாட்டுப் பொருள்கள்

மனிதனை அண்டி வாழும் பிராணிகளுள் நாய் மிகப் பழமையானது. மந்தை காத்தல், மோப்பம் பிடித்தல், இரவில் மனையைக் காவல் புரிதல் முதலிய தொழில்களுக்காக அது நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வந்துள்ளது. இத்தகைய பிராணி, உடையவனால் கைவிடப்பட்டுக் காப்பகக் கூண்டில் அடைபடுங்கால் அதற்குச் செய்யத்தக்க வேலை யாதுமில்லை. கிண்ணத்தில் இட்ட உணவும் சில நிமிஷங்களில் தீர்ந்து விடுகிறது.

செயலின்மையால் விளையும் தீங்கு

வேலையற்ற நாய் ஓயாது குரைக்கும். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக் கொள்ளும். அல்லது மூலையில் சோர்ந்து கிடக்கும். இப்படிப்பட்ட நாயை வீட்டிற்குக் கொண்டு செல்வோர் அரியர். ஏற்பாரின்றி நாள் கழியக் கழிய அதன் குணம் மேலும் கெடுகிறது. இட நெருக்கடியுள்ள சில நாடுகளில் அதன் உயிருக்கே முடிவு நேர்வதுமுண்டு. ஆகையால் விளையாட்டுப் பொருளை ஆடம்பரமென்று தள்ளுதல் தகாது.

பெல்பாஸ்ட் ஆராய்ச்சி

வட அயர்லாந்தில், பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸ் என்பார், காப்பக நாய்களுக்கு ஐவகைப் பொருள்களைக் கொடுத்துக் கவனித்து 2004-ல் முடிவுகளை வெளியிட்டார். ஒலிக்கும் பந்து, ஒலியாப் பந்து, கடிப்பதற்கான செயற்கை எலும்பு, இழுவைக் கயிறு, கெட்டியான பெரும் பந்து என்பன அவை. கயிற்றையும் பெரும் பந்தையும் நாய்கள் அதிகம் நாடவில்லை. கயிற்றை இழுக்க மறுமுனையில் ஒருவர் வேண்டுமன்றோ? கடிக்கும் பொருளே அவற்றிற்கு மிகவும் உகந்ததாயிருந்தது. எனினும் நாள் செல்லச் செல்ல எல்லாவற்றிலும் ஆவல் குறைந்தது. பழகிய பொருளை அகற்றிப் புதியதொன்றைக் கொடுத்தால் ஆவல் மீளும் என்பது 2012-ல் வெளியான வேறோர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று.

உணவு அடைக்கும் ரப்பர்ப் பொருள்

அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக் கொண்டு வந்தது. ஒரு நாள் அது மோட்டார் வண்டியின் ரப்பர் உறுப்பொன்றை விரும்பிக் கடிக்கக் கண்டு, அவர் 1970-ஆம் ஆண்டுகளில் உள்ளீடற்ற ரப்பர்ப் பொருளொன்றைச் செய்வித்தார். ‘காங்’ என வழங்கும் அதனுள் உணவை அடைத்துக் கொடுத்தால், நாய் நக்கியும் உருட்டியும் உழைத்தே உண்ண வேண்டும். அடைபட்ட நாய்கள் இத்தகைய பொருள்களால் சுறுசுறுப்படைந்து, குரைப்பதும் குறைந்ததென 2008-ல் வெளியான ஆராய்ச்சியொன்று கூறுகிறது.

கையாளும் முறை

1. பொருள் நாயின் வாய்க்குள் முழுதும் புகாத அளவினதாயிருத்தல் வேண்டும். பிய்ந்து துண்டாகும் பொருளை உடனே அகற்றுக. விழுங்கினால் குடல் அடைபடும்.

2. எல்லாவற்றையும் ஒருங்கே கொடாது, சிலவற்றை ஒளித்து வைத்து நாள்தோறும் மாற்றிக் கொடுக்கவும்.

3. அடைக்கும் உணவை அன்றாட அளவிலிருந்தே எடுக்கவும். இன்றேல் நாய் கொழுக்கும். முதலில் எளிதாக வெளிவரும்படி தளர்வாகவும், பழகிய பின் இறுக்கமாகவும் அடைக்கலாம்.

4. ஒரே கூண்டில் பல நாய்கள் இருப்பின், உணவுப் பொருளைத் தனித்தனியே பிரித்து வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லையேல் சண்டை மூளும்.

5. ஒரு நாய் கடித்த பொருளைக் கழுவாமல் மற்றொன்றிற்குக் கொடுக்கலாகாது. பார்வோ நோய்க் கிருமி வெறும் சோப்பு நீரால் சாவதில்லை. அழுக்கைக் கழுவிய பின், குளோரின் சேர்ந்த சலவை நீரில் ஊறவைத்து, நன்கு அலசி உலர்த்த வேண்டும்.

பணவசதியில்லாத காப்பகங்கள் பழைய அட்டைப் பெட்டியில் காகிதச் சுருள்களுக்கிடையே சிறிது உணவைத் தூவிக் கொடுக்கலாம். நாய் முகர்ந்து தேடிக் கிழிக்கும். பின்னர் பெட்டியை எறிந்து விடலாம். அட்டையைத் தின்னும் நாய்க்கு இது ஆகாது.

இவை யாவும் மனிதரின் துணைக்கு ஈடாகா. ஊழியர் நாளும் சிறிது நேரம் நாயோடு கூடியிருந்து, நடத்திச் சென்று, பந்தெறிந்து விளையாடுதல் அவசியம். மனிதரோடு பழகிய நாயே புதிய வீட்டில் எளிதில் நிலைக்கும்.