உயர்த்திய வண்டியும் உயராத அச்சும்

முருகன் கோயிலால் பெயர்பெற்ற வல்லக்கோட்டைக்கு அருகில் ஒரகடம் தொழிற்பேட்டை இருக்கிறது. மோட்டார் வண்டிகளும் டயர்களும் அங்கே உற்பத்தியாகின்றன. ஆயினும் சுற்றுப்புற வயல்களுக்குச் செல்லும் பாதைகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேறாகவே கிடக்கின்றன.

அவ்வட்டாரத்துச் சங்கம் ஒன்றுக்கு மழைக்காலம் கழிந்தபின் நாம் தணிக்கைக்குச் சென்றிருந்தோம். சங்கம் வாங்கியிருந்த பழைய பிக்கப் வண்டி, காய்கறி மூட்டைகளுடன் இருமுறை சேற்றில் சிக்கிவிட்டதாம். ஆகவே, பெரிய டயர்களைப் பூட்டி, கமான் பட்டைகளின்கீழ் இரண்டங்குலக் கட்டை வைத்து வண்டியை உயர்த்த வேண்டுமென்று நிர்வாகக் கமிட்டி யோசித்திருந்தது. அதற்கான தொகை, அங்கத்தினருக்கு லாப ஈவாகச் சேர வேண்டிய பணம்.

யோசனை நியாயமாகவே நமக்கும் தோன்றிற்று. ஆனால் முதிய விவசாய அங்கத்தினர் ஒருவர், “ஐயா, சேற்றில் இடித்தது வண்டியின் தொட்டியா, அடியிலுள்ள அச்சா என்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். குனிந்து பார்த்தோம். பின்னச்சின் நடுவேயுள்ள உருண்டைப் பெட்டியின்மீதுதான் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

இதுவே விஷயத்தின் சாரம். இவ்வகை வண்டிகளில் பின்னச்சு சக்கரங்களோடு பிணைந்தது. பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்தால் மேலுள்ள தொட்டிதான் உயரும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சை உயர்த்துவது டயர் ஒன்றே. அதன் கணக்கையும் பார்ப்போம். 215/75 ஆர் 15 என்று குறிக்கப்பட்ட டயரின் விட்டம் ஏறக்குறைய 703 மில்லிமீட்டர். 235/75 ஆர் 15 டயருக்கு 733. வித்தியாசம் 30, அதில் பாதியாகிய 15 மில்லிமீட்டரே அச்சு உயரும். ஒரு விரற்கடையும் இல்லை!

இதற்குக் கொடுக்கும் விலையோ பெரிது. சக்கரம் பெரிதானால் இழுவிசை குறையும்; சேற்றில் வேண்டுவது அதுவே. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62½ கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். தொட்டி உயர்ந்தால் பாரமும் உயர்ந்து, வளைவில் கவிழும் அபாயம் மிகும். சுழல்தண்டின் இணைப்புகள் சாய்வு மாறித் தேயும். பிரேக் குழாய் இழுபடும். நெசவாள அன்பர்களுக்கு இது விளங்காததன்று. அதே பாவிழைகளை நெருக்கமான அச்சில் கோத்தால் துணியின் அகலம் குறைந்துவிடுமல்லவா? ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறியே தீரும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு எழுப்பவும் இடமுண்டு. சொந்த வண்டியானால் நஷ்டம் ஒருவருக்கு. சங்கத்து வண்டியானால் அங்கத்தினர் அனைவருக்கும்.

பின்னர் கமிட்டி வேறு தீர்மானம் செய்தது. வருஷக்கணக்கில் பாரம் சுமந்து தொய்ந்திருந்த பட்டைகளைப் பழுதுபார்த்து, வண்டியைப் பழைய உயரத்துக்கே கொணர்வது. தேய்ந்த டயர்களுக்குப் பதில் அதே அளவில், அதே பாரம் தாங்கும், ஆழ்ந்த பள்ளக்கோடுகளுடைய டயர்களைப் பூட்டுவது. அளவுக்கு மீறிய மூட்டைகளை ஏற்றாதிருப்பது. பாதையில் சிக்கும் இரண்டு இடங்களிலும் சரளைக்கல் கொட்டுவது. கல் கொட்டும் வேலையை அவ்வழியே வயலுள்ள அங்கத்தினர் முறைவைத்து ஏற்றுக்கொண்டனர். லாப ஈவில் பெரும்பகுதி தப்பியது.

பழைய வண்டி வாங்கியுள்ள சங்கங்களுக்கு நாம் கூறுவது இதுவே: பணத்தை எடுப்பதற்குமுன் வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள்; பதிவுச் சான்றையும் எடுத்துப் படியுங்கள். நோய் எங்கே என்றறிந்தபின் செய்யும் செலவே சிக்கனமான செலவாகும்.