கடவுச்சொல்லுக்கு மேல் ஒரு பூட்டு

ஜகாத் கேட்டு வரும் குடும்பங்களின் விவரங்கள் நம்மிடம் உள்ள அமானிதம். அவற்றைச் செய்திச் செயலியில் அனுப்பும்போது கடவுச்சொல் மட்டும் காவலாகாது. அதைத் திருடியவர் எங்கிருந்தும் நுழைந்துவிடலாம்.

ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் ஐபி முகவரி என்ற எண் உண்டு. நம் மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி அருகே வளாகம் உள்ள ஜோஹோ நிறுவனம், கிளிக் என்ற அலுவலகச் செய்திச் செயலியை நடத்துகிறது. ஜோஹோ கணக்கில், அனுமதிக்கும் ஐபி முகவரிகளை நாமே குறித்து வைக்கலாம். வேறு முகவரியிலிருந்து சரியான கடவுச்சொல்லைப் போட்டாலும் கணக்கு திறக்காது.

ஆனால், செல்போன் டேட்டாவில் இந்த எண் மாறிக்கொண்டே இருக்கும். ஒரே எண்ணைப் பலர் பகிர்வதும் உண்டு. எனவே, மாறாத எண் பெற்ற அலுவலக இணைப்புக்கே இந்தப் பூட்டு பொருந்தும். வீட்டு செல்போனுக்கு வேறு வழி: வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள், 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பட்டியலில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள், ஓடிபியை எவரிடமும் சொல்லாதீர்கள்.