செவிச் சுருளுக்குள் ஒரு மின்கம்பி

காது கேளாமல் ஒரு குழந்தை பிறந்துவிட்டால், அது அதன் தலையெழுத்து என்று சொல்லிப் பெற்றவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்வதைத் தவிர வேறு கதியில்லை என்ற நிலைமை, குமரி மாவட்டத்தில் தோவாளை முதல் விளவங்கோடு வரை நம்முடைய ஊர்களிலெல்லாம் நெடுங்காலம் இருந்துவந்தது. அத்தகைய பிள்ளையை ‘ஊமை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் கொடிய வழக்கமும் அதனோடு சேர்ந்து வேரூன்றியிருந்தது. வாயிலே யாதொரு குறையும் இல்லை, செவி வழியாக மொழி உள்ளே புகாததால்தான் அது வெளியே வரவில்லை என்ற உண்மையை உணர்ந்தவர்களுக்கே, இன்றைய வைத்திய சாஸ்திரம் சாதித்திருக்கும் காரியத்தின் அருமை முழுமையாக விளங்கும்.

சுசீந்திரம் கோயிலின் இசைத் தூண்களிலே, ஒரே கல்லில் குடைந்தெடுத்த சிறு தூண்கள் ஒவ்வொன்றும் தட்டும்போது வெவ்வேறு சுருதியில் ஒலிப்பதை நாமெல்லோரும் அறிவோம். உட்செவியில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கும் காக்ளியா என்னும் உறுப்பிலும் ஏறக்குறைய இத்தகைய ஏற்பாடே அமைந்திருக்கிறது: விரித்தால் சுமார் 35 மில்லிமீட்டரே நீளும் அந்தச் சுருளின் வாயிற்புறம் கீச்சென்ற உச்ச ஸ்தாயிக்கும், உள்நுனி கனத்த மந்தர ஸ்தாயிக்கும் அசைந்து கொடுக்கின்றன. இதை ஆராய்ந்து விளக்கிய ஹங்கேரியில் பிறந்த பெக்கேசிக்கு 1961இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த அசைவை நரம்பு அறியும் மின்செய்தியாக மாற்றுபவை ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். பறவைகளுக்கு இவை அழிந்தால் மறுபடியும் முளைக்கின்றன; மனிதனுக்கோ போனது போனதுதான். பிறவிக் கேளாமை பெரும்பாலும் இவற்றின் பழுதாலேயே நேருகிறது. ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காது மெஷினால், இந்த அணுக்களே செயலிழந்துபோன செவிக்குப் பிரயோஜனம் மிகக் குறைவு.

நரம்பு நன்றாக இருக்கிறதே, அதை நேராகவே மின்சாரத்தால் தூண்டினால் என்ன என்று எண்ணியவர்களிலே ஒருவர், மெல்போர்ன் நகரத்து வைத்தியர் கிரேம் கிளார்க். மருந்துக்கடை நடத்திவந்த அவருடைய தந்தை செவிப்புலன் குன்றியவர். அவர் பட்ட சிரமங்களைக் கண்டே வளர்ந்த மகனுக்கு இது வெறும் ஆராய்ச்சியாக இருந்திருக்க முடியாது. மின்முனைகள் பதித்த கம்பியைச் சுருளுக்குள் ஆழமாகச் செலுத்த வழி தெரியாமல் அவர் தவித்த காலத்தில், 1977ஆம் ஆண்டு, கடற்கரையில் கண்டெடுத்த ஒரு சங்கினுள் புல்லிதழ்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல்லே தடையின்றி வளைந்து வளைந்து உள்ளே போயிற்று. கம்பியும் அவ்வாறே அமைந்தது. 1978 ஆகஸ்டு 1ஆம் தேதி நடந்த சத்திர சிகிச்சையின் மூலம், செவிப்புலனை இழந்திருந்த ஒருவருக்கு அது பொருத்தப்பட்டது. காதின் பின்னே மாட்டிய கருவி ஒலியைப் பகுத்துத் தோலுக்கடியில் உள்ள பாகத்துக்கு அனுப்ப, அது 22 வரையிலான மின்முனைகள் வழியே நரம்பைத் தூண்டுகிற இந்த முறைக்கே காக்ளியர் இம்ப்ளாண்ட் என்று பெயர்.

தமிழ்நாட்டிலே இச்சிகிச்சையைப் பரப்பியவர்களில் முன்னணியில் நிற்பவர், சென்னையில் மெட்ராஸ் ஈ.என்.டி. ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவிய டாக்டர் மோகன் காமேஸ்வரன். 2006இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆனால் பல லட்சம் ரூபாய் விலையுள்ள கருவி, குளச்சலில் வலை இழுப்பவர் வீட்டுக்கும் கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுபவர் வீட்டுக்கும் எட்டக்கூடியதாயிற்று என்றால், அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் சேர்த்ததனால் விளைந்த நன்மை. இதைப் பெரும் சமூக தர்மம் என்றே நான் கருதுகிறேன்.

எனினும் சத்திர சிகிச்சையோடு காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. புண் ஆறிச் சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கும்போது குழந்தைக்குக் கிடைப்பது வெறும் சத்தமே. அது சொல்லாக வேண்டுமானால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். பயிற்சி தருபவர் குழந்தையின் எதிரே அமர்வதில்லை. உதட்டசைவைப் பார்த்து ஊகித்துவிடாதபடி, கருவி மாட்டிய காதின் பக்கமாக அமர்ந்து, ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’, ‘ம்’, ‘ஷ்’, ‘ஸ்’ என்ற ஆறு ஒலிகளை ஒன்றொன்றாகச் சொல்கிறார். ஒலி கேட்டதும் கையிலுள்ள மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். முதலில் தாயின் முகத்தைப் பார்த்தே மணியைப் போடும் பிள்ளை, ஒருநாள் யார் முகத்தையும் பாராமல் தானாகவே போடும். வீட்டிலும் அடுப்படியில் நின்றபடி, “மக்களே, தண்ணி கொதிக்குது, சத்தம் கேக்கா?” என்று தாய் ஓயாமல் பேசிக்கொண்டேயிருக்க வேண்டும். கருவியைக் காப்பதும் தனி வேலை. கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றும் வியர்வையும் அதற்கு ஆகாதவையாதலால், இரவில் ஈரமுறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் வயதைப் பொறுத்தே அமைகிறது. அமெரிக்காவில் அனு சர்மா என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றரை வயதுக்கு முன் கருவி பெற்ற குழந்தைகளின் மூளையே ஒலியைப் பெரும்பாலும் வயதுக்கேற்ற வேகத்தில் கிரகிக்கிறது என்றும், ஏழு வயதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு மிகவும் அருகிவிடுகிறது என்றும் காட்டியது. காலம் கடந்தவர்களுக்கும், இதை வேண்டாதவர்களுக்கும் சைகை மொழி இருக்கிறது; அது முழுமையான ஒரு மொழி என்பதையும், அதைக் கற்பிப்பதில் நாம் காட்டும் அசிரத்தை நியாயமற்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கம்பியே தேவைப்படாத வழியையும் விஞ்ஞானிகள் தேடுகிறார்கள். மயிரணுவிலிருந்து நரம்புக்குச் செய்தி தாவுவதற்கு ஓட்டோஃபெர்லின் என்ற புரதம் வேண்டும். அதற்குரிய மரபணு பழுதானால் மயிரணுக்கள் இருந்தும் காது கேளாது. நல்ல மரபணுவை இரண்டு துண்டாக்கி, தீங்கற்ற வைரஸ்களில் ஏற்றி உட்செவிக்குள் செலுத்திய ஷாங்காய் வைத்தியர்கள், ஆறு குழந்தைகளில் ஐவருக்குச் செவிப்புலன் திரும்பியதாக 2024 ஜனவரியில் லான்செட் இதழில் அறிவித்தார்கள். அற்புதமான செய்திதான்; ஆனால் இந்தப் பழுது அபூர்வமானது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் ஜிஜேபி2 என்ற மரபணுவின் கோளாறுக்கு இன்னும் அத்தகைய சிகிச்சை நடைமுறைக்கு வரவில்லை. பெரும்பாலும், தாயும் தந்தையும் ஒரே மரபணுவின் பழுதை மறைவாகச் சுமந்திருந்தால்தான் இக்குறை பிள்ளையிடம் வெளிப்படுகிறது. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் குடும்பங்களில் இதற்கு இடம் அதிகம். அக்குடும்பங்கள் திருமணத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுவது நலம்.

ஆகவே இன்று நம் கையிலுள்ள காரியம், குறையைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே. “இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்” என்று பாட்டி சொல்லும் சமாதானத்தில் இரண்டு வருஷம் போய்விடுகிறது. நல்ல காக்ளியா, கேட்ட ஒலிக்கு எதிரொலியாகத் தானும் மெல்லிய ஒலி ஒன்றை எழுப்புகிறது என்று லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் கண்டறிந்தார். அதைக் கொண்டே, உறங்கும் சிசுவின் காதில் சிறு முனையொன்றைச் செருகிச் சில நிமிஷங்களில் நோவின்றிச் சோதித்துவிடலாம். ஓ.ஏ.இ. என்ற அந்தப் பரிசோதனையைப் பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே கேட்டுப் பெறலாம். ஒரு மாதத்துக்குள் அது முடிய வேண்டும். சந்தேகம் இருந்தால், ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் ‘பெரா’ முதலிய சோதனைகளால் மூன்று மாதத்துக்குள் நிச்சயப்படுத்த வேண்டும். ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும்.