கார் எச்சரிக்கைச் சங்கின் காப்பு மின்கலம்: அமைப்பும் மாற்றும் முறையும்

காப்பு மின்கலம் என்பது, காரின் முதன்மை மின்கலம் துண்டிக்கப்பட்ட பிறகும் திருட்டு எச்சரிக்கை ஒலிப்பான் தொடர்ந்து ஒலிப்பதற்காக அந்த ஒலிப்பானுக்குள்ளேயே பொருத்தப்படும் சிறிய மின்கலத் தொகுப்பு ஆகும். பட்டறைகளில் இதனை 'சைரன் பேட்டரி' என்பார்கள். 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் ஐரோப்பாவில் தயாரான போர்ஷே 911, பாக்ஸ்டர், பிஎம்டபிள்யூ எம்3 போன்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் இத்தகைய ஒலிப்பான்கள் உண்டு. அக்கார்களுக்கு இன்று இருபது வயதைக் கடந்துவிட்டது. உள்ளே உள்ள மின்கலங்களின் ஆயுள் அதில் பாதிகூட இல்லை. எனவே அவற்றை மாற்றுவது பழைய காரைப் பராமரிப்பவர் எவரும் அறிந்திருக்க வேண்டிய வேலையாகிறது.

ஏன் இரண்டாவது மின்கலம்?

நம் ஊர்களில் முன்பு நேரம் அறிவிக்க நகராட்சிச் சங்கு ஊதுவது வழக்கம். மின்வெட்டு வந்தால் அன்று சங்கு ஊதாது. கார்த் திருடன் செய்ய விரும்புவதும் அந்த மின்வெட்டைத்தான். முன்மூடியைத் திறந்து முதன்மை மின்கலத்தின் கம்பியை வெட்டிவிட்டால் சாதாரண ஒலிப்பான் ஊமையாகிவிடும். இதைத் தடுக்கவே ஒலிப்பானுக்குச் சொந்தமாக ஒரு மின்கலம் தரப்பட்டது. எச்சரிக்கை அமைப்பு இயங்கும் நிலையில் முதன்மை மின்னழுத்தம் திடீரென்று மறைந்தால், அதையே தாக்குதல் என்று எடுத்துக்கொண்டு ஒலிப்பான் தன் சொந்த மின்கலத்தால் ஒலிக்கும்.

பிரிட்டனில் வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் தாட்சம் தரவரிசையின் முதல் பிரிவில் இடம்பெற, இயந்திரத்தை முடக்கும் கருவியுடன் காப்பு மின்கலம் கொண்ட ஒலிப்பானும் கட்டாயம். விலை உயர்ந்த கார்களில் இது பரவ இதுவும் ஒரு காரணம்.

உள் அமைப்பு

ஒலிப்பான் பெரும்பாலும் சக்கர வளைவின் உட்புறத்திலோ, முன்மூடிக்கு அடியிலோ, மின்கலத் தட்டுக்கு அருகிலோ இருக்கும். கருப்பு நெகிழிப் பெட்டிக்குள் நான்கு பகுதிகள் உள்ளன: ஒலிதரும் தகடு, மின்சுற்றுப் பலகை, காப்பு மின்கலத் தொகுப்பு, இணைப்பி. சில வகைகளில் ஒலிப்பானை நிறுத்திவைக்கச் சிறு சாவித் துளையும் உண்டு.

மின்கலங்கள் பொதுவாக நிக்கல்–உலோக ஐதரைடு வகை. மிகப் பழையவற்றில் நிக்கல்–காட்மியம் வகையும் இருக்கலாம். இரண்டிலும் ஒரு மின்கலத்தின் பெயரளவு மின்னழுத்தம் 1.2 வோல்ட். ஆறு மின்கலங்களைத் தொடராக இணைத்தால் 7.2 வோல்ட் கிடைக்கும். எல்லா ஒலிப்பான்களிலும் ஆறு இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டியைத் திறந்த பின் எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எளிய கணக்கு: மின்கலத் தொகுப்பின் கொள்திறன் 300 மில்லி ஆம்பியர் மணி, ஒலிப்பான் இழுக்கும் மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர் என்று கொள்வோம். 300 ÷ 500 = 0.6 மணி, அதாவது 36 நிமிடம். புதிதாக இருக்கும்போது கிடைக்கும் இந்த நேரம், மின்கலம் முதுமையடைந்து கொள்திறன் பத்தில் ஒன்றாகும்போது நான்கு நிமிடத்துக்கும் கீழே போய்விடும்.

மின்கலம் ஏன் கெடுகிறது?

கார் நிற்கும் போதும் ஓடும் போதும் இந்த மின்கலத்துக்குச் சிறு மின்னோட்டம் சொட்டுச் சொட்டாக ஊட்டப்படுகிறது. பயன்படுத்தப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் மின்னேற்றத்தில் இருக்கும் மின்கலத்தில் உள் அழுத்தம் கூடும், அடைப்பு தளரும், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஐதராக்சைடு கரைசல் கசியும். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. மின்கலத்தின் முனைகளில் பூத்திருக்கும் வெண்ணிறப் பொடி அதுவே. கசிவு மின்சுற்றுப் பலகையை எட்டினால் செப்புத் தடங்கள் பச்சையும் நீலமுமாக அரிக்கப்படும்.

வெப்பம் இதை விரைவுபடுத்தும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். வெயிலில் நிற்கும் காரின் மூடிக்கடியில் அதைவிடக் கூடுதல். ஐரோப்பியக் குளிரைக் கருதி அமைக்கப்பட்ட ஒரு பொருள் இங்கே முன்கூட்டியே முதுமையடைவதில் வியப்பில்லை.

பழுதின் அறிகுறிகள்

1. யாரும் தொடாதபோதே, குறிப்பாக இரவில், ஒலிப்பான் அலறுதல்.
2. காரைப் பூட்டும்போது வழக்கத்துக்கு மாறான கூடுதல் 'பீப்' ஒலி.
3. ஓரிரு நாள் நிறுத்தினாலே முதன்மை மின்கலம் இறங்கிவிடுதல். உள்ளே குறுக்குச் சுற்று ஏற்பட்ட ஒலிப்பான் ஓயாமல் மின்னோட்டத்தை இழுப்பதே காரணமாக இருக்கலாம்.
4. முதன்மை மின்கலத்தைக் கழற்றும்போது ஒலி வராமல் இருத்தல்.

முதல் அறிகுறி உரிமையாளரோடு நிற்பதில்லை. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000-இன்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே இரவில் 40 டெசிபல் மட்டுமே. ஓர் எச்சரிக்கை ஒலிப்பானோ அருகில் நின்று கேட்டால் 100 டெசிபலைத் தாண்டும். 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேலூர் நகரின் நடுவிலேயே இருக்கிறது. அதனைச் சுற்றியுள்ள தெருக்களின் விடுதிகளில் நோயாளிகளும் உறவினர்களும் தங்குகிறார்கள். அங்கே நள்ளிரவில் ஒரு கார் காரணமின்றி அலறுவது வெறும் தொல்லை என்று சொல்லி விட்டுவிடக்கூடியதன்று.

தேவையான பொருள்கள்

பன்னோக்கு மின்மானி, சால்டரிங் இரும்பு, பற்றாசு உறிஞ்சி, நுண்பல் ரம்பம், ரப்பர் கையுறை, கண்ணாடி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, ஐசோபுரொப்பைல் ஆல்ககால், பழைய பல்துலக்கி, அடைப்புக்கான சிலிக்கான் பசை, இணைப்புத் தகடு பற்றவைக்கப்பட்ட புதிய மின்கலங்கள்.

மாற்றும் முறை

முதலாவதாக, காரின் கையேட்டைப் படிக்கவும். ஒலிப்பான் அலறாமல் முதன்மை மின்கலத்தைக் கழற்றும் வரிசை ஒவ்வொரு காருக்கும் மாறும். சாவியைத் திருப்பி எச்சரிக்கை அமைப்பைச் செயலிழக்கச் செய்த பின், குறித்த நேரத்துக்குள் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுவது பொதுவான முறை. சில கார்களில் முன்மூடியின் பூட்டு மின்சாரத்தால் இயங்கும். மின்கலத்தைக் கழற்றிய பின் மூடியைச் சாத்திவிட்டால் மீண்டும் திறக்க முடியாமல் திண்டாட நேரும். வேலை முடியும் வரை மூடி திறந்தே இருக்கட்டும்.

இரண்டாவதாக, இணைப்பியைப் பிரித்து ஒலிப்பானை வெளியே எடுக்கவும். பெட்டியின் இரு பாதிகளும் ஒட்டப்பட்டிருந்தால், பொருத்து வரியின் மேலேயே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் அறுக்கவும். ஆழமாக அறுத்தால் மின்கலத்தின் உறையோ பலகையோ அறுபடும்.

மூன்றாவதாக, எதையும் தொடும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளவும். நேர்முனை எது, எதிர்முனை எது என்பதைப் பலகையின் மேல் குறிக்கவும். இவ்வேலையில் நேரும் தவறுகளில் பெரியது முனை மாற்றி இணைப்பதுதான்.

நான்காவதாக, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பழைய மின்கலங்களின் பற்றாசை உருக்கி எடுக்கவும். கசிந்திருப்பது அரிக்கும் காரம். தோலில் பட்டால் ஓடும் நீரில் நன்கு கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

ஐந்தாவதாக, மின்கலங்களை அகற்றிய பிறகே பலகையை வினிகரால் துடைக்கவும். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்ற பள்ளிப் பாடம் இங்கே கண்முன் நடக்கும். பொடி நுரைத்துக் கரையும். பின்னர் தண்ணீராலும் ஆல்ககாலாலும் துடைத்து முழுவதும் உலர விடவும். ஆல்ககால் தீப்பிடிக்கக்கூடியது, சூடான சால்டரிங் இரும்பு அருகில் இருக்கக் கூடாது. அறுந்த தடங்களை மின்மானியால் கண்டறிந்து மெல்லிய கம்பியால் இணைக்கவும். தடங்கள் பெரிதும் அழிந்திருந்தால் பலகை பயன்படாது. புதிய ஒலிப்பானே தீர்வு.

ஆறாவதாக, புதிய மின்கலங்களைப் பொருத்தவும். எண்ணிக்கை, அளவு, வேதி வகை மூன்றும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். மின்கலத்தின் மேல் நேரடியாகச் சூட்டிரும்பை வைக்கக் கூடாது. வெப்பம் அதன் அடைப்பைக் கெடுத்துவிடும். தகடு பற்றவைத்த மின்கலத்தை வாங்கச் சொல்வது இதனால்தான். 'லித்தியம் போட்டால் நீண்ட நாள் உழைக்கும்' என்று யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். லித்தியம் மின்கலத்துக்கு மின்னேற்றத்தை உரிய இடத்தில் நிறுத்தும் சுற்று தேவை. நிக்கல் மின்கலத்துக்கான சொட்டு மின்னேற்றச் சுற்றில் அதை இணைத்தால் தீ விபத்து நேரலாம்.

ஏழாவதாக, பெட்டியை மூடி, நீர் புகாதபடி பசையால் அடைக்கவும். வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசை செப்பை அரிக்கும். வாடையற்ற, நடுநிலை வகைப் பசையே ஏற்றது. ஒலி வெளிவரும் வாய், முன்பு இருந்த திசையிலேயே இருக்குமாறு காரில் மீண்டும் பொருத்தவும். மேல்நோக்கி வைத்தால் மழைநீர் தேங்கும்.

சோதித்தல்

சொட்டு மின்னேற்றம் மெதுவானது. எனவே ஒரு நாளுக்குக் குறையாமல் மின்னேற விட்டுப் பிறகு சோதிக்க வேண்டும். பகலில், வீடுகளை விட்டுத் தள்ளி, காதடைப்பான் அணிந்து செய்வது நல்லது. முன்மூடியைத் திறந்த நிலையிலேயே எச்சரிக்கை அமைப்பை இயக்கி, சிறிது நேரம் பொறுத்து, முதன்மை மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றவும். ஒலிப்பான் உரத்து ஒலித்தால் காப்பு மின்கலம் பணிபுரிகிறது. கம்பியை மீண்டும் இணைத்துச் சாவியால் அமைப்பை நிறுத்தவும்.

பழைய மின்கலத்தை என்ன செய்வது?

வேலை முடிந்தது என்று பலரும் எண்ணும் இந்த இடத்தில்தான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. ஐந்தாறு சிறு மின்கலங்கள் உள்ளங்கையில் அடங்கும். குப்பைத் தொட்டியிலோ காயலான் கடையிலோ போட்டுவிடுவது எளிது. ஆனால் காட்மியம் மண்ணில் கலந்தால் அழியாது. ஜப்பானின் தொயாமா மாகாணத்தில் சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம் நெல்வயல்களை அடைந்து, அரிசியின் வழியே மக்களின் எலும்புகளையும் சிறுநீரகங்களையும் பாதித்தது. வலி தாங்காமல் அவர்கள் கதறியதால் அந்நோய்க்கு 'இத்தாய் இத்தாய்' என்று பெயர் வந்தது. மாசினால் வந்த நோய் என்று ஜப்பான் அரசு அதை 1968-இல் ஏற்றது.

இந்தப் பாடத்தை வேலூர்ப் பகுதி மக்களுக்கு ஜப்பானிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் டேனரிகள் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அதே டேனரிகளின் கழிவு கிணறுகளை உவர்ப்பாக்கியது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுச் சென்ற குரோமியக் கழிவுக் குவியல், ஒரு தலைமுறை கடந்தும் நிலத்தடி நீரை அச்சுறுத்துகிறது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பு, இரண்டு கோட்பாடுகளை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது: கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் தீர்ப்பு இது.

அக்கோட்பாடுகள் பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியவை அல்ல. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் மின்கல விதிகள் ஈய–அமில வகையை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் 2022 எல்லா வகை மின்கலங்களுக்கும் பொருந்தும். பயன்படுத்துவோர் பழைய மின்கலத்தை மற்றக் குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. மின்கலத்தின் மேல் காணும், குறுக்குக் கோடிட்ட குப்பைத் தொட்டிப் படத்தின் பொருளும் அதுவே.

செய்ய வேண்டியது சிறிது. முனைகள் ஒன்றோடொன்று தொடாதபடி ஒட்டுநாடா சுற்றி, நெகிழி டப்பாவில் இட்டு, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, பதிவு பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் கொடுக்க வேண்டும். பட்டறையில் வேலையை ஒப்படைப்பவர் பழைய மின்கலம் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். கம்பியில்லாத் தொலைபேசி, அவசர விளக்கு, பழைய சூரிய ஒளி விளக்கு ஆகியவற்றில் பலவற்றுள் இருப்பது இதே நிக்கல் மின்கலம்தான். மின்னேற்றம் நிற்காத, கவனிப்பாரற்ற அந்தச் சிறு பொருளை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது, பொருளையும் காக்கும், நாம் குடிக்கும் தண்ணீரையும் காக்கும்.