பழைய அலுமினியப் படகைப் புதுப்பிக்கும்போது வண்ணத்தைவிட முக்கியம் இருக்கைக்குள் உள்ள நுரை

அமெரிக்காவின் ஏரிக்கரை ஊர்களில், வீட்டின் பின்புறம் கவிழ்த்து வைக்கப்பட்ட பழைய அலுமினிய மீன்பிடிப் படகைக் காண்பது அரிதன்று. 12 முதல் 16 அடி வரை நீளமுள்ள இத்தகைய படகுகளைக் குறைந்த விலைக்கு வாங்கி, விடுமுறை நாள்களில் வீட்டிலேயே புதுப்பிப்பது அங்கு பலருக்கும் விருப்பமான பணி. அடிப்படைக் கருவிகளும் பொறுமையும் இருந்தால் இதைச் செய்துவிட முடியும். எனினும், தவறாகச் செய்தால் அழகான படகு கிடைக்குமே தவிர, பாதுகாப்பான படகு கிடைக்காது. எவற்றை மாற்ற வேண்டும், எவற்றை அகற்றவே கூடாது என்பதைத் தெரிந்துகொள்வது உயிரைக் காக்கும் விஷயம்.

போருக்குப் பின் வந்த படகுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தயாரிப்புக்காக அமெரிக்காவில் அலுமினிய உற்பத்தி பெருகியது. போர் முடிந்ததும் அந்த உலோகமும் தொழில்நுட்பமும் வேறு பயன்பாடுகளைத் தேடின. போர் விமானங்களைத் தயாரித்த கிரம்மன் நிறுவனம், 1945-ஆம் ஆண்டில் அலுமினியத் துடுப்புப் படகுகளைச் சந்தைப்படுத்தத் தொடங்கியது. விமானத்தின் தகடுகளை இணைத்த அதே முறையில், ரிவெட் எனப்படும் தறையாணிகளால் படகின் தகடுகளும் இணைக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்கு முன் தயாரான படகுகள் இன்றும் பயன்பாட்டில் இருப்பதற்கு, அந்த உலோகமும் இணைப்பு முறையுமே காரணம்.

அரிப்பு எங்கிருந்து வருகிறது?

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிப்பதில்லை. காற்று பட்டவுடன் அதன் மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் மீண்டும் தானாகவே உருவாகிவிடும். அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பைப் பல மணி நேரம் வைத்தால் உட்புறம் நிறம் மாறிச் சொரசொரப்பாவது, அமிலம் இந்தப் படலத்தைக் கரைப்பதால்தான்.

படகில் இப்படலத்துக்கு எதிரிகள் இரண்டு. முதலாவது, எப்போதும் ஈரமாக ஒட்டிக் கிடக்கும் பொருள். ஊறிய பலகை, மக்கிய இலை, நனைந்த கம்பளம் ஆகியவற்றின் அடியில் காற்று புகாததால் படலம் புதுப்பிக்கப்படாமல் தகட்டில் குழிகள் விழுகின்றன. இரண்டாவது, வேற்று உலோகம். ஈரமான சூழலில் அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டால் மின்வேதி வினை நிகழ்ந்து, அலுமினியமே அரிக்கப்படுகிறது. படகின் அடியில் விழுந்து மறக்கப்பட்ட ஒரு செம்பு நாணயம்கூடக் காலப்போக்கில் தகட்டில் ஓட்டை போட்டுவிடும்.

கசிவைக் கண்டறியும் முறை

ஓட்டை எங்கே என்று அறிய, படகை நீரில் இறக்கத் தேவையில்லை. டிரெய்லரில் வைத்தபடியே உள்ளே சில அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி, வெளிப்புறத்தில் எந்தத் தறையாணியில் சொட்டுகிறது என்று பார்த்து அடையாளமிட்டால் போதும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதால், படகை நிரப்பிவிடக் கூடாது. நிரப்பினால் அந்த எடையில் தகடு வளையக்கூடும்.

தளர்ந்த தறையாணியைப் பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் உள்ளிருந்து கனமான எஃகுக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றொருவர் வெளியிலிருந்து சுத்தியலால் தட்டினால் அது மீண்டும் இறுகும். உடைந்திருந்தால் திடமான அலுமினியத் தறையாணியையே பொருத்த வேண்டும். நடுவில் துளையுள்ள சாதாரண வகை நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படாது.

வெல்டிங் செய்வது எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. அதன் மேலுள்ள ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கும் மேல்தான் உருகும். மேலும், இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காமலேயே அலுமினியம் உருகி விழுந்துவிடும். பழகாத கையில் சிறு ஓட்டை பெரிய ஓட்டையாகும்.

பின்சுவரின் பலம்

மோட்டார் பொருத்தப்படும் பின்சுவரில், அலுமினியத் தகட்டோடு சேர்த்து ப்ளைவுட் பலகை வைக்கப்பட்டிருக்கும். மோட்டாரின் எடையும் உந்துவிசையும் இப்பலகையின் மீதே இறங்குகின்றன. பல ஆண்டுகள் நீர் இறங்கினால் வெளியே தெரியாமல் அது மக்கிவிடும். சுத்தியலால் தட்டும்போது மந்தமான ஒலி கேட்டாலோ, ஸ்க்ரூடிரைவர் முனை எளிதாக உள்ளே இறங்கினாலோ பலகையை மாற்றியே ஆக வேண்டும். இல்லையெனில், ஓடும் படகிலிருந்து மோட்டார் பெயர்ந்து விழும் ஆபத்து உண்டு.

புதிய பலகை விரைவில் மக்கக் கூடாது என்று மருந்து ஏற்றிய மரத்தைச் சிலர் வாங்குகின்றனர். நல்ல எண்ணத்தில் செய்யும் பெரும் பிழை இது. அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கான பெரும்பாலான மரங்களில் ஆர்சனிக் கலந்த மருந்து 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு அதிகம். அம்மரம் நனைந்து அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், பலகை மக்காது; தகடு அரிக்கப்படும். மருந்து ஏற்றாத தரமான ப்ளைவுட்டின் எல்லா விளிம்புகளிலும் துளைகளிலும் எபாக்சி பூசுவதே சரியான வழி.

இருக்கைக்குள் இருக்கும் பாதுகாப்பு

அலுமினியம் இலகுவான உலோகம்தான் என்றாலும், நீரைவிட 2.7 மடங்கு அடர்த்தி மிக்கது. படகின் வடிவமே அதை மிதக்க வைக்கிறது. உள்ளே நீர் நிறைந்துவிட்டால் அந்த வடிவத்தால் பயனில்லை. அப்போது படகைத் தாங்கிப் பிடிப்பது இருக்கைகளுக்குள்ளும் பக்கவாட்டிலும் அடைக்கப்பட்டுள்ள நுரைக்கட்டி மட்டுமே. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நுரை, கிட்டத்தட்ட ஒரு கிலோ எடையைத் தாங்கும்.

பழைய படகைப் பிரிப்பவர்கள் நீர் ஊறிக் கனத்துப்போன நுரையைக் காண்பதுண்டு. அதை அகற்றுவது சரியே. பிழை அதன் பிறகுதான் நிகழ்கிறது. இடவசதிக்காக நடு இருக்கையை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் பொருள் வைக்கும் பெட்டியை அமைத்து, நுரையைத் திரும்ப வைக்காமலேயே விட்டுவிடுகின்றனர். குறுக்காக அமைந்த அந்த இருக்கை படகின் பக்கங்கள் விரியாமல் பிடித்திருந்த சட்டமும் ஆகும். ஒரே வெட்டில் மிதப்பும் உறுதியும் போய்விடுகின்றன.

எடுத்த அளவு நுரையை எடுத்த இடத்திலேயே மீண்டும் வைப்பது பாதுகாப்பானது. நுரை முழுவதையும் தரைக்கு அடியில் வைத்தால், நீர் நிறைந்த படகு தலைகீழாகப் புரள முற்படும். பக்கவாட்டில் உயரமாக வைத்தால்தான் படகு நிமிர்ந்து மிதக்கும். தெர்மாகோல் வகை நுரையைப் பெட்ரோல் கரைத்துவிடும் என்பதால், எரிபொருள் கலனுக்கு அருகில் அதைத் தவிர்க்க வேண்டும்.

இருக்கைகளின் மேல் கனமான பலகைத் தளம் அமைப்பதிலும் கவனம் தேவை. நிற்கும் இடம் உயர உயரப் படகு எளிதில் கவிழும். 1972 நவம்பருக்குப் பின் அமெரிக்காவில் தயாரான, 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில், ஏற்றக்கூடிய எடையைக் குறிப்பிடும் தகடு பொருத்தப்பட்டிருக்கும். வண்ணம் பூசும்போது அதை மறைக்கவோ அகற்றவோ கூடாது. புதிதாகச் சேர்த்த தளத்தின் எடையை அந்த வரம்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

இறுதியாக வண்ணம்

பழைய வண்ணத்தில் ஈயமோ குரோமியமோ இருக்கக்கூடும். எனவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீர் நனைத்த உப்புத்தாளால், தகுந்த முகக்கவசம் அணிந்து தேய்ப்பது நல்லது. சுத்தம் செய்த உடனேயே அலுமினியத்துக்கென உள்ள பிரைமரைப் பூசிவிட வேண்டும். தாமதித்தால் ஆக்சைடு படலம் தடித்து, வண்ணம் உரியும். பாசி படியாமல் தடுக்கும் செம்பு கலந்த வண்ணத்தை அலுமினியப் படகில் பூசவே கூடாது.

பணி முடிந்த படகை முதலில் கரையோரம், இடுப்பளவு ஆழத்துக்கு மேற்படாத நீரில் இறக்கிச் சோதித்த பின்னரே ஆழத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அப்போதும் படகில் உள்ள ஒவ்வொருவரும் உயிர்காப்பு அங்கி அணிந்திருப்பது கட்டாயம்.