ஓய்மா நாட்டுக் குன்றுகள்

சரித்திரம் என்பது ராஜதானிகளிலே மட்டும் நடந்தது என்று நம்மவரிற் பலர் எண்ணி வருகின்றனர். கிராமங்களுக்குப் பஞ்சமும் வரியும் உண்டு, சரித்திரம் இல்லை என்பது அவர்களுடைய அபிப்பிராயம் போலும். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் கிளியனூர் என்ற ஊரில் நின்று சுற்றுப்புறத்தை விசாரிப்பவருக்கு இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பது எளிதில் விளங்கும்.

கிளியனூர் சிற்றூரே. ஆயினும் நெடுநாள் மறைந்திருந்து பிற்காலத்தில் கிடைத்த சம்பந்தர் பதிகம் ஒன்று இவ்வூர் அகஸ்தீசுவரர் மீது பாடப்பட்டது. இவ்வட்டாரத்துக்கு ஓய்மா நாடு என்று பழம்பெயர். சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட நாடு இதுவே. அவனது கிடங்கில், இன்று திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கலாக இருக்கிறது.

ஓய்மா நாட்டிலும் அதை அடுத்த செஞ்சிப் பிரதேசத்திலும் சரித்திரத்தைப் பாதுகாத்து வைத்திருப்பவை குன்றுகளே. மண்டகப்பட்டில் பல்லவ மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இவை யாதுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்லிலே எழுதி வைத்தான். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி என்னும் சமண ஆசாரியரின் நினைவு பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அக்குன்றிலேயே 24 தீர்த்தங்கரர் உருவங்களும் உள்ளன. தமிழ்ச் சமணரின் மடம் மேல்சித்தாமூரில் இன்றும் விளங்குகிறது. கிளியனூர் இருக்கும் அதே வானூர்த் தாலுகாவில் திருவக்கரையிலோ, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன!

செஞ்சிக் கோட்டையைப் பற்றி நாம் அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 1677இல் சிவாஜி கைப்பற்றிய அக்கோட்டையில் அவர் குமாரர் ராஜாராம் மொகலாய சைனியத்தின் முற்றுகையை ஏறக்குறைய எட்டாண்டு காலம் தாங்கினார். 1714இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்குராஜன் கதையை நம் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். இந்து மன்னனுக்காக உயிர் கொடுத்த முஸ்லிம் தோழனை அவர்கள் அக்கதையில் மறக்கவில்லை என்பதைத் தேச ஒற்றுமையை விரும்புவோர் கவனிப்பார்களாக. 2025இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியக் கோட்டைகள் 12ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தபோது தமிழகத்திலிருந்து சேர்ந்தது செஞ்சி ஒன்றே.

இது நமக்குப் பெருமைதான். ஆனால் பட்டியலில் ஏறிய குன்று பிழைக்கிறது. ஏறாத குன்றின் கதி என்ன? திருவக்கரைப் பக்கம் சென்றவர்கள் அதை அறிவார்கள். பாறைகள் வெடிவைத்துப் பிளக்கப்பட்டு, லாரி லாரியாக ஜல்லியாகிச் செல்கின்றன. குன்று இருந்த இடத்தில் பெரும் பள்ளமும் அதில் தேங்கிய நீருமே மிஞ்சுகின்றன.

அமெரிக்காவில் அபலேசிய மலைநாட்டில் இதே நாடகம் நடந்திருக்கிறது. 1916 முதல் 1918 வரை ஸெஸில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர் அங்கே சென்று, இங்கிலாந்தில் அருகிப்போன பழங்கதைப் பாடல்களை ஏழைக் குடியானவர் வாயிலிருந்து கேட்டு எழுதினார். அத்தகைய பொக்கிஷத்தை வைத்திருந்த மலைநாட்டிலே, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி முதலிய இடங்களில், பின்னாளில் நிலக்கரிக்காக மலையுச்சிகளையே தகர்த்தனர். செல்வம் வெளியே சென்றது. வறுமை ஊரில் தங்கியது.

சாலைக்கும் வீட்டுக்கும் கல் வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும், கல்லுடைத்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு வேலையும் வேண்டும். எல்லாக் குன்றையும் தொடாதே என்று நாம் கூறவில்லை. எதை உடைக்கிறோம் என்று அறிந்த பிறகு உடை என்றே கூறுகிறோம். சுனையிலும் குகையிலும் எழுத்தோ ஓவியமோ சிற்பமோ உண்டா என்று பாராமல் குத்தகை கொடுப்பது, ஏட்டைப் படிக்காமலே அடுப்பிலிடுவதற்குச் சமம்.

இதற்கு மேலிடத்து உத்தரவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. ஊழியர்கள் அதற்கு முன்பே தத்தம் ஊர்ப் பாறைகளைச் சுற்றிப் பார்த்து, கண்டவற்றைக் குறித்து, முதியோரிடம் கேட்ட கதைகளையும் சேர்த்துச் சபையிலே படித்துத் தீர்மானமாக நிறைவேற்றட்டும். அத்தீர்மானம் கலெக்டர் முன் வைக்கப்படட்டும். தேசபக்தி தன் ஊர்க் குன்றை அறிவதில் ஆரம்பமாகிறது. உடைந்த கல்லை ஒட்டவைக்க எந்தச் சர்க்காராலும் ஆகாது.